சித்தப்பாவைப் பிரம்மச்சாரி ஆக்கிய மைண்ட் மேப்

ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரு வழியா ரிலீஸ் முடிஞ்சுது, ரெண்டு நாள் நிம்மதியா தூங்கலாம்னு நெனச்சேன். அந்த நேரம் பார்த்து என்னோட பழைய போனுக்கு முதுகு வீங்கிடுச்சு. பேட்டரி உப்பி, பின்பக்க மூடி லேசா வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. சர்வீஸ் கடைக்காரர் கையில வாங்கக்கூட இல்ல. "தம்பி, இதை இனிமே சார்ஜ் போடாதீங்க. தலைமாட்டுல வச்சுத் தூங்கிறாதீங்க"ன்னு தள்ளி நின்னே சொல்லிட்டார்.

புது போன் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. பழசு போனா போகுதுன்னு விட்டுடலாம்தான். ஆனா அதுக்குள்ள எங்க அப்பத்தா இருக்கு.

போட்டோ இல்லைங்க. மைண்ட் மேப்.

மைண்ட் மேப்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு வரி. நடுவுல ஒரு வட்டம் போட்டு விஷயத்தை எழுதி, அதுல இருந்து கிளை, கிளைக்கு மேல கிளைன்னு வரைஞ்சுகிட்டே போறது. டோனி பூசான்னு ஒரு பிரிட்டிஷ்காரர் 1974-ல பிபிசி டிவி நிகழ்ச்சி மூலமா இதை ஊரெல்லாம் பரப்பினார். அடியேன் இதைக் கத்துகிட்டது இன்ஜினியரிங் படிக்கறப்ப, செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி. ஒரு யூனிட்டு முழுசையும் ஒரே பக்கத்துல பார்த்தா படிச்ச மாதிரியே ஒரு திருப்தி வரும். மார்க் வந்துச்சான்னு கேக்காதீங்க.

இப்ப கொசுவர்த்தியைச் சுத்திக்குங்க. 2020 மார்ச். கடைசி செமஸ்டர். லாக்டவுன்னு ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் போய்ச் சேர்ந்தது மானாமதுரை பக்கத்துல இருக்குற எங்க கிராமத்துக்கு. சிக்னல் மொட்டை மாடியில மட்டும்தான். மத்த நேரமெல்லாம் திண்ணை. திண்ணையில அப்பத்தா. அதோட மடியில வெத்தலை இடிக்கிற சின்ன உரல்.

அப்பத்தாவுக்கு ஒரு பழக்கம். யாரைப் பத்திப் பேசினாலும் பேரைச் சொல்லாது. "நம்ம கிணத்துவீட்டு மருமகனோட சகலை"ன்னு ஆரம்பிக்கும். எனக்குத் தலை சுத்தும். ஒரு நாள் சாயங்காலம், "இரு அப்பத்தா, எழுதிக்கிறேன்"னு போனை எடுத்து, படிக்கறதுக்காகப் போட்டிருந்த மைண்ட் மேப் ஆப்பைத் திறந்து, நடுவுல தாத்தா பேரைப் போட்டேன்.

"இதுல நான் எங்கய்யா இருக்கேன்?"

காட்டினேன். தாத்தாவுக்கு வலப்பக்கம் ஒரு கிளை.

"உங்க தாத்தா உசுரோட இருந்த வரைக்கும் நடுவீட்டுல அவுகதான் உக்காருவாக. இதுலயாவது நான் உக்காந்துக்கிறேன். மாத்து."

மாத்தினேன். அப்பத்தா நடுவுல, தாத்தா ஒரு கிளை. தாத்தா கிளையில அவரோட கூடப்பிறந்தவங்க, இன்னொரு பக்கம் அப்பத்தாவோட கூடப்பிறந்தவங்க, கீழ பிள்ளைங்க, பேரன் பேத்தி. நாப்பது நாள் இதே வேலை. மொத்தம் 214 பேர். பல பேருக்குப் பக்கத்துல குறிப்பு எழுதினேன். பதினோரு பேருக்கு அப்பத்தா குரலையே பதிஞ்சு ஒட்டி வச்சேன், அந்த ஆப்புல அந்த வசதி இருந்துச்சு.

எங்க வீட்டுல ஒரு சிக்கல் இருக்கு, பல பேர் வீட்லயும் இருக்கும். என் சின்ன சித்தப்பா கட்டிகிட்டது எங்க பெரிய அத்தை மகளை. அதாவது சித்திக்கு சித்தப்பா தாய்மாமன். 2004-ல கல்யாணம். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் எனக்கு அத்தாச்சி, மறுநாள் காலையில சித்தி. அப்பத்தாவுக்குப் பேத்தியும் அவங்கதான், மருமகளும் அவங்கதான். இந்த மாதிரி சொந்தத்துக்குள்ள கட்டினது எல்லாத்தையும் ஒரு வட்டத்துல இருந்து இன்னொரு வட்டத்துக்குக் குறுக்குக் கோடா இழுத்து விட்டேன். 23 குறுக்குக் கோடு.

இன்னொரு விஷயம். தாத்தாவோட தம்பிங்க ரெண்டு பேரையும் வரிசையா பக்கத்துல பக்கத்துல போட்டப்ப அப்பத்தா என் கையைப் புடிச்சுருச்சு. "அவுக ரெண்டு பேரையும் ஒண்ணா வைக்காத. கிணத்துப் பங்குல சண்டை. செத்ததுக்குக்கூட ஒருத்தருக்கு ஒருத்தர் போகல." சரின்னு ஒருத்தரைத் தூக்கி மேல் மூலைக்கும், ஒருத்தரைக் கீழ் மூலைக்கும் தள்ளி வச்சேன். பார்த்துட்டு, "ம்ம்"னுச்சு.

2023-ல அப்பத்தா தவறிடுச்சு. அதுக்கப்புறம் அந்த மேப்பை நான் திறக்கவே இல்ல. போன வருஷம் புது போனுக்கு மாறினப்ப, அந்த ஆப் ஸ்டோர்லயே இல்ல. "பழைய போன்லதான் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டேன். பொட்டி தட்டிப் பொழைக்கிறவன், பேக்கப் எடுக்கச் சொல்லி ஊருக்கே பாடம் நடத்துறவன், சொந்த வீட்டுல இப்படி. சரி, விடுங்க.

இப்ப போன்ல மிச்சம் இருந்த சார்ஜ் 38 சதவீதம். மறுபடி சார்ஜ் போட முடியாது. அதுக்குள்ள 214 பேரையும் ஊர் மாத்தணும்.

முதல் முயற்சி: படமா எடுக்கறது. ஒரே நிமிஷம். பார்க்க அழகா இருந்துச்சு, பெருசாக்கினா பேரெல்லாம் மங்கலாயிடுச்சு. பிடிஎஃப்பா எடுத்தப்ப எழுத்து தெளிவா இருந்துச்சு. ஆனா நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா எங்க சேர்க்கறது? அது கல்யாண ஆல்பம் மாதிரி, பார்க்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் பத்திரப்படுத்திகிட்டேன். பின்னாடி கை கொடுத்துச்சு, சொல்றேன்.

ரெண்டாவது முயற்சி: சாதா டெக்ஸ்ட். ஒவ்வொரு பேரும் ஒரு வரி, பிள்ளைங்க பேர் ஒரு படி உள்ள தள்ளி. புது போன்ல நல்ல பேர் வாங்கின ஒரு ஆப்பை இறக்கி அதுல ஏத்தினேன். 214 பேர் இருக்க வேண்டிய இடத்துல 371 பேர்! எங்கடா இத்தனை சொந்தம்னு பார்த்தா, நான் எழுதி வச்ச குறிப்பெல்லாம் வரிக்கு ஒரு ஆளா மாறி நிக்குது. எங்க பெரியப்பாவுக்கு "சீட்டு கட்டி ஏமாந்தவர்"னு ஒரு பிள்ளை, "சர்க்கரை உண்டு, காபியில போடாதே"ன்னு இன்னொரு பிள்ளை. சிரிச்சு முடிச்சப்ப சார்ஜ் 31.

மூணாவது முயற்சி: ஓபிஎம்எல். பழைய பதிவர்களுக்கு இந்தப் பேர் ஞாபகம் இருக்கும். 2013-ல கூகுள் ரீடரை மூடினப்ப, அவங்கவங்க படிக்கிற பதிவுகள் லிஸ்ட்டை எல்லாரும் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனது இந்த ஃபார்மட்லதான். 2000-ல டேவ் வைனர் உருவாக்கினது. அடிப்படையில அது உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ளன்னு போற பட்டியல். மைண்ட் மேப்பும் பட்டியல்தானே, அதனால பல மைண்ட் மேப் ஆப்புகள் இதை ஏத்துக்கும்.

ஏத்துகிச்சு. சரியா 214 பேர். குறிப்பெல்லாம் குறிப்பாவே வந்துச்சு. அப்பாடான்னு சித்தப்பா பக்கம் போனேன். ரெண்டு பசங்க இருக்காங்க, பொண்டாட்டியைக் காணோம். சித்தி அங்க தூரத்துல, பெரிய அத்தைக்குக் கீழ, கல்யாணமே ஆகாத பொண்ணா உக்காந்திருக்காங்க. 23 குறுக்குக் கோட்டுல ஒண்ணுகூட வரல. சொந்தத்துல கட்டின அத்தனை பேருக்கும் ஒரே அமுக்குல விவாகரத்து!

இது ஏன்னு யோசிச்சா நியாயம்தான். ஓபிஎம்எல் நம்ம ரேஷன் கார்டு மாதிரி. ஒரு குடும்பம், அதுக்குக் கீழ பேர்கள். கல்யாணமான பொண்ணுக்குப் பிறந்த வீட்டு கார்டுல பேர் நீக்கினாத்தான் புகுந்த வீட்டு கார்டுல சேர்ப்பாங்க. ஒரே பேர் ரெண்டு கார்டுல இருக்கக் கூடாது. யார் யாருக்குக் கீழங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். குறுக்குக் கோடு போடணும்னா ஒவ்வொருத்தருக்கும் ஆதார் மாதிரி தனி நம்பர் வேணும். "இந்த நம்பர்காரர் அந்த நம்பர்காரரைக் கட்டியிருக்கார்"னு தனியா எழுதணும். ஓபிஎம்எல்ல அதுக்குன்னு வகுத்து வச்ச இடம் இல்ல. நம்மூர்ல மாமன் மகளைக் கட்டுறதை நெனச்சு அதை யாரும் உருவாக்கல, தப்பு சொல்ல முடியாது. சார்ஜ் 22.

நாலாவது முயற்சியை முதல்லயே செஞ்சிருக்கணும். அந்த ஆப்போட சொந்த ஃபார்மட் ஃபைலை அப்படியே லேப்டாப்புக்கு அனுப்பிட்டு, போனை அணைச்சேன். இந்தச் சொந்த ஃபார்மட் ஃபைல்ல பல சும்மா ஜிப் பொட்டலம்தான், பேரை மட்டும் மாத்தி வச்சிருப்பாங்க. எக்ஸ்மைண்ட் ஃபைலைக்கூட கடைசி எழுத்துகளை ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க, உள்ள எல்லாம் படிக்கிற மாதிரியே இருக்கும். இதையும் அப்படி மாத்தித் திறந்தேன். திறந்துச்சு!

உள்ள ஒரு ஜேசான் ஃபைல். 214 பேருக்கும் நம்பர். ஒவ்வொருத்தருக்கும் அப்பன் நம்பர், நிறம், குறிப்பு, எந்த இடத்துல உக்காந்திருக்காங்கன்னு ரெண்டு எண். கடைசியில 23 குறுக்குக் கோடு, "இதுல இருந்து அதுக்கு"ன்னு பட்டியலா. பக்கத்துல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பதினோரு ஆடியோ.

ஒண்ணை அமுக்கினேன். டொக்... டொக்... டொக்... வெத்தலை இடிக்கிற சத்தம். அப்புறம், "என்னய்யா, ஓடுதா?"

கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்து பைத்தான்ல ஒரு 80 வரி. ஜேசானைப் படிச்சு ஃப்ரீமைண்ட் ஃபார்மட்டுக்கு மாத்தற வேலை. ஏன் ஃப்ரீமைண்ட்னா, அது பழைய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதோட ஃபைல் வெறும் எக்ஸ்எம்எல், வேற பல ஆப்புகளும் அதைப் படிக்கும். முக்கியமா, அதுல ஒவ்வொரு வட்டத்துக்கும் நம்பர் உண்டு, ஒரு வட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு அம்புக்குறி போட இடமும் உண்டு. வந்த ஃபைலை நோட்பேட்ல திறந்தா ஒரு தமிழ் எழுத்தைக் காணோம், எல்லாம் 2949, 2986ன்னு நம்பரா நிக்குது. பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் உறைச்சுது: 2949-ங்கிறது 'அ'வோட யூனிகோட் எண். பைத்தான் தமிழ் எழுத்தை எண்ணா மாத்தி எழுதியிருக்கு, அவ்வளவுதான். ஃப்ரீமைண்ட்ல இருந்து பிரிஞ்சு வந்த ஃப்ரீப்ளேனை லேப்டாப்புல போட்டுத் திறந்தேன். "அப்பத்தா"ன்னு நடுவுல வந்து உக்காந்துச்சு. 214 பேர். 23 அம்பு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ரெண்டாவது தடவையா கல்யாணம் பண்ணி வச்ச புண்ணியம் எனக்கு.

அதை அப்படியே புது போன்ல வேற ஒரு ஆப்புல ஏத்தினேன். (முதல்ல இறக்கினது அம்பை மதிக்கல. மூணாவதா பார்த்தது மதிச்சுது.) ஆடியோவை அது சேர்த்துக்காதாம். சரின்னு பதினோரு ஆடியோவுக்கும் அவங்கவங்க பேரை வச்சு தனி ஃபோல்டர்ல போட்டு, மூணு இடத்துல பத்திரப்படுத்தியாச்சு.

உக்காந்திருந்த இடம் மட்டும் வரல. எண் ரெண்டும் ஜேசான்ல இருக்கு, ஆனா புது ஆப் அது இஷ்டத்துக்குத்தான் அடுக்கும். அண்ணன் தம்பிங்கன்னா பக்கத்துல பக்கத்துல. கிணத்துச் சண்டைக்காரங்க ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி நிக்கறாங்க. பிடிஎஃப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலைன்னா அது எனக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது. நகர்த்திப் பார்த்தேன், மறுபடி ஒட்டிக்கிச்சு. அப்புறம் ரெண்டு பேர் குறிப்புலயும் எழுதினேன்: "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. கிணத்துப் பங்கு. அப்பத்தா தள்ளி வைக்கச் சொன்னுச்சு."

கதை இங்க முடிஞ்சிருந்தா வெற்றிகரமா கடைசி ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு முடிச்சிருப்பேன். பிடிஎஃப்போட ஒப்பிடறப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஏழு பேர் மஞ்சள் நிறம். மத்த எல்லாரும் நீலம். நிறமெல்லாம் ஒரு குறையும் இல்லாம புது ஆப்புக்கும் வந்திருக்கு, அதே ஏழு பேர், அதே மஞ்சள்.

எதுக்கு மஞ்சள் அடிச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

நான்தான் அடிச்சேன். அப்பத்தா ஏதோ சொல்லி, அதுக்காகத்தான் அடிச்சிருப்பேன். ஏழு பேர் குறிப்பையும் படிச்சுட்டேன், ஒரு வார்த்தை இல்ல. பதினோரு ஆடியோவையும் முழுசா கேட்டுட்டேன், அதுலயும் இல்ல. ஆப்புகளைத் திட்டிகிட்டே மூணு நாள் ஓடுச்சு. இது எந்த ஆப்பும் தொலைச்சது இல்ல. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால எழுதல.

அப்பாவுக்கு போன் போட்டேன். ஏழு பேரையும் கேட்டுட்டு, "தாத்தாகிட்ட கடன் வாங்கினவங்களா இருக்கும்"னார். "இல்லயே, இதுல நம்ம பெரிய மாமாவும் இருக்கார், அவர் வாங்கற ஆளா?"ன்னு அவரே மறுத்துகிட்டார். சித்திக்குப் போட்டேன். ஒவ்வொரு பேரா சொல்லச் சொன்னாங்க. அஞ்சாவது பேர் வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, "எங்க கல்யாணத்துக்கு வராதவுகப்பா இவுக எல்லாம். தாய்மாமனைக் கட்ட வேணாம், படிச்ச புள்ளைய வெளிய குடுங்கன்னு சொன்னவுக. அத்தை இதையெல்லாம் உன்கிட்ட சொல்லுச்சா?"ன்னாங்க.

(அவங்க 'அத்தை'ங்கிறது அப்பத்தாவை. சொந்த ஆத்தாளோட ஆத்தாளை, கல்யாணத்துக்கப்புறம் அப்படித்தான் கூப்பிடறாங்க.)

எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. மீதி ரெண்டு பேரைச் சொன்னேன். "அவுக ரெண்டு பேரும் வந்தாகளே! நானே கையெடுத்துக் கும்பிட்டேன், போட்டோகூட இருக்கு"ன்னாங்க சித்தி.

ஆக ஏழுல அஞ்சு பேருக்குப் பொருந்துது, ரெண்டு பேருக்குப் பொருந்தல. அப்ப காரணமே வேறயா, இல்ல நான் கை தவறி அடிச்சேனா? கேக்கறதுக்கு இப்ப ஆள் இல்ல. ஏழு பேரையும் மஞ்சளாவே விட்டு வச்சிருக்கேன். குறிப்புல மட்டும் "ஏன் மஞ்சள்னு தெரியல. சித்தி சொன்ன காரணம் அஞ்சு பேருக்குச் சரி"ன்னு எழுதி, தேதி போட்டேன்.

உங்கள்ல யாராவது போன்ல மைண்ட் மேப் வச்சிருந்தீங்கன்னா, பட்டுத் தெரிஞ்ச நாலு விஷயம்:

1. அரிசி வாங்கறப்ப நாலு மணியை வாயில போட்டுப் பார்ப்போமே, அது மாதிரி புது ஆப்புல 200 வட்டம் போடறதுக்கு முன்னாடி அஞ்சு வட்டம் போடுங்க. ஒரு குறிப்பு, ஒரு படம், ஒரு நிறம், ஒரு குறுக்குக் கோடு. அதை வெளிய எடுத்து வேற ஆப்புல ஏத்துங்க. எது செத்துச்சு, எது பொழைச்சுதுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

2. வெளிய எடுக்கறப்ப மூணு விதமா எடுங்க. ஆப்போட சொந்த ஃபைல், ஓபிஎம்எல் இல்லேன்னா ஃப்ரீமைண்ட் ஃபைல், கூடவே ஒரு பிடிஎஃப். எது தொலைஞ்சிருக்குன்னு கண்டுபுடிக்க பிடிஎஃப்தான் சாட்சி.

3. ஏத்தினதும் எண்ணிப் பாருங்க. வட்டம் எத்தனை, கோடு எத்தனைன்னு. எண்ணலைன்னா சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகலைங்கிறது உங்களுக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது.

4. நிறம், இடம், கோடு எதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு ஓரமா ஒரு வட்டத்துல எழுதி வைங்க. எழுத்தா இருக்குறது எந்த ஆப்புக்கும் வந்துடும். மனசுல இருக்குறது எந்த ஃபார்மட்லயும் வராது.

பழைய போன் 6 சதவீதத்தோட அணைஞ்சு, பால்கனியில ஒரு மண்சட்டிக்குள்ள உக்காந்திருக்கு. மின்கழிவு எடுக்கறவங்க இந்த சனிக்கிழமை வர்றாங்க. அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறி ஊருக்குப் போறேன். சித்தி அந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேர் நிஜமாவே அதுல இருக்காங்களான்னு பார்க்கணும்.

அப்ப வர்ட்டா?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த 214-ல எங்க வீட்டு ஆளுங்க எத்தனை பேர்?" எண்ணிப் பார்த்தேன். மூணு. ஊருக்குப் போறப்ப அம்மாச்சியைப் பார்க்காம திரும்பக் கூடாதுன்னு உத்தரவு. போனை ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போறேன்.